இன்ஸ்டாகிராமின் இரண்டாவது கணக்கு: காரைக்குடியில் எத்தனை நாள் ஒளிந்திருக்கும்?

எந்த ஊரு, எந்தக் கோயிலு, என்ன விலாசம், யாரு வீட்டுப் புள்ள. செட்டிநாட்டில் ஓர் ஆளை இன்னாரென்று கண்டுபிடிக்க ஒரு ஆச்சிக்கு இந்த நாலு கேள்வி போதும். இன்ஸ்டாகிராம் இதில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. போனில் இருக்கும் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி மட்டும் கேட்கிறது. அதை வைத்து ஆச்சியைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுகிறது.

ஒரே ஆப்பில் ஐந்து கணக்கு வரை வைத்துக்கொள்ளலாம். கீழே வலது மூலையில் உள்ள படத்தை அழுத்திப் பிடித்தால் அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். மாற்றிக்கொள்ளும் வசதி என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீப்புச் சீடையும் மனகோலமும் விற்க ஒரு பக்கம், சொந்தபந்தங்களுக்கு ஒரு பக்கம் என்று வைத்திருப்பவருக்கு இது தாராளம். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தால் அவருக்கு நட்டமில்லை. பகலில் பள்ளிக்கூட டீச்சர், இரவில் புனைபெயரில் காதல் கவிதை என்றால் கதை வேறு. அவருக்கு வேண்டிய மறைப்பை இந்த ஆப் தானாகத் தராது. ஒவ்வொரு ஓட்டையாகத் தேடி நாம்தான் அடைக்க வேண்டும்.

முதல் ஓட்டை கணக்குத் தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. பழைய கணக்குக்குள் இருந்தபடியே ‘கணக்கைச் சேர்’ என்று தட்டினால், புதியதும் பழையதும் அக்கவுண்ட்ஸ் சென்டர் என்ற ஒரே கூரைக்குள் போய் உட்கார வாய்ப்பு அதிகம். அங்கே ஃபேஸ்புக்கும் சேர்ந்திருந்தால், ஸ்டோரி தானாக அங்கேயும் போகும்படி அமைந்துவிடலாம். ஆகவே ஒரு புது ஜிமெயில் முகவரி எடுங்கள், அதை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். இன்ஸ்டாகிராமிலிருந்து முழுசாக வெளியேறி, அந்த முகவரியை வைத்துத் தனியாகத் தொடங்குங்கள். பிறகு அக்கவுண்ட்ஸ் சென்டரைத் திறந்து, அதில் ஒரே ஒரு கணக்குதான் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய கணக்கின் பெயரையே மாற்றிப் புனைபெயர் ஆக்குவது சோம்பேறி வேலை. ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதியில் எந்த மாதம் சேர்ந்தது, பெயர் மாறியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியக்கூடும். பழைய பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள்.

செல்போன் எண்ணைக் கொடுக்கவே வேண்டாம். உங்கள் போனில் தொடர்புகளைப் பதிவேற்றும் வசதியை அணைத்துவிட்டீர்கள், சரி. தேவகோட்டையில் இருக்கும் அயித்தையின் மகள் அணைத்தாளா? அவள் போனில் உங்கள் எண் இருக்கிறது. அவள் பதிவேற்றியிருந்தால், அந்த எண்ணில் பதிவான எந்தக் கணக்கையும் அவளுக்கு ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று காட்ட வழி உண்டு. ஊர் விட்டு ஊர் கொண்டான் கொடுத்தான் என்று பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒரே எண் நூறு போனில் சேமிக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு போன் போதும்.

பலர் இதுவரை சரியாக வந்து, அடுத்த படியில் கோட்டை விடுகிறார்கள். பாதுகாப்புக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடும்போது எஸ்எம்எஸ் வழியைத் தேர்ந்தெடுத்து, அதே எண்ணைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்கென்று வாங்கிய எண்களை ஃபேஸ்புக் விளம்பரத்துக்கும் பயன்படுத்தியது என்பது, 2019இல் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையமான எஃப்டிசி அதன்மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்த வழக்கு 500 கோடி டாலர் அபராதத்தில் முடிந்தது. எண் கொடுக்காமல் ஆதென்டிகேட்டர் ஆப்பை வையுங்கள். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கம் வரும். பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். போன் தொலைந்தால் அதுதான் கை கொடுக்கும்.

ஒரு சின்ன அமைப்பு ஆப்பில் தேடினால் எளிதில் கண்ணில் படாது. கம்ப்யூட்டர் பிரவுசரில் இன்ஸ்டாகிராமைத் திறந்து, புரொஃபைலைத் திருத்தும் பக்கத்துக்குப் போனால், உங்கள் கணக்கை மற்றவர் பக்கங்களில் பரிந்துரைக்கலாமா என்று ஒரு தேர்வு இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இவ்வளவு முக்கியமான குமிழைப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்ததற்கே ஒரு மதிப்பெண் குறைக்கலாம்.

அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் மாட்டிக்கொள்வது படத்தால்தான். இதில் ஆப்பைக் குறை சொல்ல முடியாது. செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தட்டின்மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்வது. நிறமும் பூவும் வீட்டுக்கு வீடு வேறுபடும். வளவு என்னும் உள்முற்றத்துத் தரையில் புத்தகத்தை வைத்து மேலிருந்து ஒரு படம். முகம் இல்லை, பெயர் இல்லை. ஓரத்தில் இரண்டு கல் தெரிகிறது, ஒன்றில் மூலை உடைந்து சிமென்ட் பூசியிருக்கிறது. அந்தத் தரையில் பந்தி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்! “ஏன் ஆச்சி, இது நம்ம பெரிய வீட்டு வளவுல்ல?” என்று பொதுவில் ஒரு கருத்து வந்தால் தீர்ந்தது. நிலைக்கதவின் கஜலட்சுமி, முகப்பின் சுதை பொம்மை, சுவரில் மாட்டிய பெல்ஜியம் கண்ணாடியில் விழும் உங்கள் உருவம் எல்லாமே இதே வகைதான். வெள்ளைத் துணி விரித்து எடுத்தால் பிரச்சினை இல்லை. கோயில் திருவிழா படத்தை அன்றைக்கே போடாமல் ஒரு வாரம் கழித்துப் போடுங்கள்; அன்று அங்கே யார் யார் வந்தார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அடுத்தது கை தவறுவது. புனைபெயர்க் கணக்கில் இருப்பதை மறந்து சித்தப்பா மகன் கல்யாணப் படத்துக்கு லைக் போடுவது அடிக்கடி நடக்கும். இரண்டு கணக்குக்கும் நிறம் தெளிவாக வேறுபடும் முகப்புப் படம் வையுங்கள். அறிவிப்பில் கணக்கின் பெயரும் சேர்ந்தே வரும் என்பதால், சாந்திக் கல்யாண வீட்டில் போனை மேசையில் மல்லாத்தி வைத்தால் பக்கத்தில் இருப்பவர் படித்துவிடுவார். பூட்டுத் திரையில் அறிவிப்பை மறைத்துவிடுங்கள். சாம்சங் போனாக இருந்தால் செக்யூர் ஃபோல்டர் என்ற பூட்டிய தனி இடத்துக்குள் இன்னொரு இன்ஸ்டாகிராமை நிறுவிக்கொள்வது இன்னும் நல்லது. அதற்குத் தனித் தொடர்புப் பட்டியல், தனி கேலரி. கை தவற வழியே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபேஸ்புக்கில் 2023இலிருந்து ஒரே கணக்குக்குள் கூடுதலாக நாலு புரொஃபைல் வைத்துக்கொள்ளலாம். வெளியே தொடர்பு தெரியாது. உள்ளே ஃபேஸ்புக்குக்குத் தெரியும். வாட்ஸ்அப்பின் அடித்தளமே எண்தான், புனைபெயருக்கு ஒத்துவராது. வியாபாரத்துக்கு இரண்டாவது சிம் வாங்கினால் ஆண்ட்ராய்டில் ஒரே ஆப்பில் இரண்டு கணக்கும் ஓடும். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் கிடப்பில் போட்டால் இணைப்பு போகலாம், எண் வேறொருவர் கைக்கும் போகலாம். குழுவில் சேர்ந்தால் எண் எல்லோருக்கும் தெரியும். சேனலில் நடத்துபவரின் எண் தெரியாது. டெலிகிராமில் எண்ணை ‘யாருக்கும் வேண்டாம்’ என்று வைத்தாலும், ஒருவரைத் தொடர்பில் சேர்க்கும்போது ‘என் எண்ணைப் பகிர்’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னலில் 2024இலிருந்து பயனர்பெயர் வந்துவிட்டது, எண்ணை வைத்துத் தேட முடியாதபடியும் செய்யலாம். இந்த விஷயத்தில் எல்லாவற்றிலும் ஒழுங்கானது அதுதான். ஆனால் கவிதை படிக்க அங்கே கூட்டம் வராது.

மறைப்பு என்று மட்டும் பார்த்தால், தொடங்கிய நிலையில் இன்ஸ்டாகிராமுக்குப் பத்துக்கு மூன்று. மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்தபின் ஏழு கொடுக்கலாம். தொழில்முறைக் கணக்காக மாற்றினால் அதை பிரைவேட் ஆக்க முடியாது, தொடர்பு பட்டனில் எண்ணும் முகவரியும் வெளியே வந்துவிடலாம். புனைபெயர்க்காரர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கவிதைத் தொகுப்பை அச்சடித்து விற்க நினைத்தால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தவுடன், பணம் அனுப்புவதற்கு முன்பே, வங்கியில் பதிவான உங்கள் சொந்தப் பெயர் திரையில் வந்து நிற்கும். யுபிஐ முகவரி உங்கள் செல்போன் எண்ணிலேயே இருந்தால் அதுவும் கூடவே வரும். விற்பனையைப் பதிப்பாளர் அல்லது கடைக்காரர் கையில் விட்டு, அவர்கள் கணக்கிலேயே பணத்தை வாங்கச் சொல்லுங்கள்.