ஆக்சியலா, மையவிலக்கா? தொழிற்கூட விசிறித் தேர்வில் ஓர் ஒப்பீட்டு அலசல்

விசிறி வேண்டும் என்று விலைப்புள்ளி கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் எழுதி அனுப்புகிறார்கள்: மணிக்கு 10,000 கனமீட்டர் காற்று. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த விசிறியையும் தேர்ந்தெடுக்க முடியாது. சுவரில் திறந்தவெளியை நோக்கிப் பொருத்தப்படும் ஒரு ஆக்சியல் விசிறி, 50 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) எதிர்ப்பில், அரைக் கிலோவாட்டுக்கும் குறைவான திறனில் அந்தக் காற்றைத் தள்ளிவிடும். அதே அளவுக் காற்றை நீண்ட டக்ட் (காற்றுக்குழாய்) வழியாகவும் வடிகட்டி வழியாகவும் 1,000 பாஸ்கல் எதிர்ப்பைத் தாண்டி இழுக்க வேண்டுமென்றால், ஏறத்தாழ பத்து மடங்கு திறன் தேவைப்படும். காற்றின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், எதிர்ப்புதான் வேறு. ஆகவே விசிறிகளை ஒப்பிடும் முன் டக்ட், வளைவு, வடிகட்டி, மூடி ஆகிய அனைத்தும் சேர்ந்து தரும் அழுத்த இழப்பைக் கணக்கிட்டாக வேண்டும். கொந்தளிப்பான ஓட்டம் உள்ள டக்ட்டில் இந்த இழப்பு காற்றோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், காற்றை 20 விழுக்காடு கூட்ட நினைத்தால் 44 விழுக்காடு கூடுதல் அழுத்தம் தேவை என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆக்சியல் விசிறியில் காற்று ஷாஃப்ட்டுக்கு (சுழல்தண்டுக்கு) இணையாக நுழைந்து அதே திசையில் வெளியேறுகிறது. மையவிலக்கு விசிறியிலோ நடுவில் நுழைந்து, இம்பெல்லரால் (பிளேடுகள் பொருத்திய சுழல்சக்கரத்தால்) வெளிப்புறமாக வீசப்பட்டு, சுருள் உறையின் வாய் வழியாகச் செங்குத்துத் திசையில் வெளிவருகிறது. நிறையக் காற்று, குறைந்த அழுத்தம் என்ற தேவைக்கு ஆக்சியல் பொருந்தும்: பெரிய கூடங்கள், குளிர்கோபுரங்கள், சுரங்கப்பாதைகள். இடமும் குறைவாகவே பிடிக்கும். டக்ட்டின் நேர்கோட்டிலேயே உட்கார்ந்துவிடும். சுழல்திசையை மாற்றினால் காற்றின் திசையும் மாறும் என்பதால், தீ நேரத்தில் புகையை எந்தப் பக்கமும் தள்ள வேண்டிய சுரங்கப்பாதைகளில் அதற்கு ஈடு இல்லை. பிளேடுகளுக்குப் பின்னால் வழிகாட்டித் தகடுகள் வைத்த வகையில், வீணாகும் சுழற்சி அழுத்தமாக மாற்றப்படுவதால் செயல்திறனும் (வாங்கும் திறனில் காற்றுக்குச் சேரும் பங்கும்) நன்றாக இருக்கும்.

ஆனால் காற்றோட்டத்துக்கேற்ப அழுத்தம் மாறுவதைக் காட்டும் ஆக்சியலின் வளைகோட்டில் ஒரு பள்ளம் உண்டு. எதிர்ப்பு கூடக் கூடக் காற்று பிளேடின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, விசிறி திணறத் தொடங்குகிறது; ஓசை உறுமலாக மாறுகிறது, அதிர்வு கூடுகிறது, காற்று சட்டென்று குறைகிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டே போகும் இடங்களில் இது பெரிய ஆபத்து. மேலும், ஆக்சியலில் காற்றோட்டம் அடைபடும்போதுதான் மோட்டாரின் சுமை பொதுவாக உயர்கிறது. மையவிலக்கு விசிறியில் அது குறைகிறது. ஆகவே மையவிலக்கு விசிறியை டாம்பரை (காற்றைத் தடுக்கும் மடிப்புத் தகட்டை) மூடிவைத்துத் தொடங்குவது நல்ல பழக்கம். ஆக்சியலை அப்படித் தொடங்குவது தவறு. ஒரே கட்டடத்தில் இரண்டு வகையும் இருந்தால், இயக்குபவர்களுக்கு இந்த வேறுபாட்டைத் தனித்தனியே எழுதிக் கொடுப்பது அவசியம்.

மையவிலக்கு என்று முடிவான பிறகுதான் உண்மையான போட்டி தொடங்குகிறது. பிளேடு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது மின்கட்டணத்தையும் மோட்டாரின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

சுழலும் திசையை நோக்கி வளைந்த முன்வளைவு பிளேடு விலை குறைந்தது, சிறியது, குறைந்த வேகத்திலேயே நிறையக் காற்று தருவது. சிறிய காற்றுப்பதன இயந்திரங்களில் அதைக் காணலாம். ஆனால் அதன் செயல்திறன் 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். அதைவிடப் பெரிய குறை, எதிர்ப்பு குறைந்தால் மோட்டாரின் சுமை தடையின்றி ஏறுவது. வடிகட்டியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தின் கதவைத் திறந்த நிலையிலேயே இப்படிப்பட்ட விசிறியை ஓடவிட்டு, மோட்டார் கம்பியில் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள்: ஆம்பியர் ஏறிக்கொண்டே போய், மிகைச்சுமையில் மோட்டாரை நிறுத்தும் ரிலே விழும். கதவை மூடியதும் அதே மோட்டார் அமைதியாகிவிடும். பழுது மோட்டாரில் இருப்பதாக நினைத்து அதை மாற்றுகிறவர்கள், புது மோட்டாரிலும் அதே நிகழ்வதைக் கண்டு திகைக்கிறார்கள்.

சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கம் வளைந்த பின்வளைவு பிளேடில் இந்தத் தொல்லை இல்லை. அதன் சுமை ஒரு உச்சத்தைத் தொட்டு மறுபடி இறங்கிவிடுவதால், அந்த உச்சத்துக்கேற்ற மோட்டாரைப் போட்டுவிட்டால் எந்த நிலையிலும் மிகைச்சுமை வராது. விமான இறக்கை வடிவ பிளேடுகளில் செயல்திறன் 80 விழுக்காட்டைத் தாண்டும். முதலில் சொன்ன 10,000 கனமீட்டர், 1,000 பாஸ்கல் தேவையையே எடுத்துக்கொள்வோம். காற்றுக்குச் சேர வேண்டிய திறன் 2.78 கிலோவாட். 60 விழுக்காட்டுச் செயல்திறன் உள்ள விசிறி ஷாஃப்ட்டில் 4.63 கிலோவாட் கேட்கும். 80 விழுக்காட்டு விசிறி 3.47 கிலோவாட்டோடு நின்றுவிடும். ஆண்டுக்கு 8,000 மணிநேரம் ஓடினால் 9,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம். தொடர்ந்து ஓடும் விசிறியில் வாங்கும் விலையை மட்டும் ஒப்பிடுவதை என்னால் ஒருபோதும் ஏற்க முடிவதில்லை.

வளைவில்லாத நேர்த்தகடு பிளேடின் செயல்திறன் இவற்றுக்கு இடையிலோ கீழோ இருக்கும். ஆனால் மரத்தூள், நார், தானிய உமி ஆகியவை விசிறிக்குள்ளேயே கடந்து செல்ல வேண்டிய இடத்தில் அதுதான் சரி, ஏனெனில் தூசி அதில் ஒட்டிக்கொள்வது குறைவு. பின்வளைவு பிளேடின் முதுகில் ஒட்டும் தூசி ஒருபக்கம் உதிர்ந்தால் சமநிலை குலைந்து பேரிங் கெடும். தூசி கொண்டுசெல்லும் டக்ட்டில் காற்றின் வேகம் நொடிக்கு சுமார் 18 முதல் 20 மீட்டர் வரை இருக்க வேண்டியிருப்பதால் அழுத்த இழப்பும் அதிகம். முடிந்தவரை வடிகட்டியை முன்னால் வைத்து, தூய காற்றுப் பக்கத்தில் பின்வளைவு விசிறியைப் பொருத்துவதே என் பரிந்துரை.

சூடான வாயுவைக் கையாளும் விசிறிகளில் வேறொரு கணக்கு குறுக்கிடுகிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று 1.2 கிலோ, 200 பாகையில் ஏறத்தாழ 0.75 கிலோ. விசிறி தள்ளும் கனஅளவு மாறாது. தரும் அழுத்தமும் இழுக்கும் திறனும் எடைக்கேற்பக் குறையும். சூடான நிலைக்கு மட்டும் மோட்டாரைக் கணக்கிட்டால், குளிர்ந்த நிலையில் தொடங்கும்போது ஏறத்தாழ 1.6 மடங்கு சுமை விழும். புகை வெளியேற்றும் விசிறிகளுக்கு ஐரோப்பியத் தரமான ஈஎன் 12101-3 தனி வகுப்புகளை வைத்திருக்கிறது. அதில் எஃப்400 என்றால் 400 பாகையில் 120 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இன்னும் அதிக அழுத்தத்துக்கு மையவிலக்கு புளோயரும் ரூட்ஸ் புளோயரும் போட்டியிடுகின்றன. இரண்டு சுழலிகளுக்கிடையே காற்றைப் பிடித்துத் தள்ளும் ரூட்ஸ் புளோயர், எதிர்ப்பு எதுவானாலும் ஏறத்தாழ ஒரே அளவுக் காற்றைத் தள்ளும். நீர்மட்டம் மாறும் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு இது வசதி. ஆனால் வால்வை மூடினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் விடுவிப்பு வால்வு இல்லாமல் அதை ஓட்டவே கூடாது. மையவிலக்கு புளோயரில் ஓசை குறைவு. ஆனால் காற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால் காற்று முன்னும் பின்னும் அலைபாயும்.

காற்றைக் குறைக்க டாம்பரா, வேகக்கட்டுப்பாடா என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது. டக்ட் எதிர்ப்பு மட்டுமே உள்ள அமைப்பில் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுவதால், வேகத்தை 80 விழுக்காடாக்கினால் அது 51 விழுக்காடாகிவிடும். டாம்பரோ அழுத்தத்தை உண்டாக்கி அங்கேயே வீணாக்குகிறது. நீராழம் போன்ற மாறாத எதிர்ப்பு இருக்கும் இடத்தில் மட்டும் இந்த மும்மடிச் சேமிப்பை எதிர்பார்க்கக் கூடாது. ஆண்டில் சில மணிநேரமே குறைத்து ஓட்டும் விசிறிக்கு டாம்பரே போதும். பெல்ட் வைத்த விசிறியில் புல்லியை மாற்றி வேகத்தைத் திருத்தலாம் என்பது நன்மை. நேரடி இணைப்பில் பெல்ட் இழப்பும் பராமரிப்பும் இல்லை.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் பொருத்துவதில் எல்லாம் கெட்டுப்போகலாம். நுழைவாயை ஒட்டியே ஒரு வளைவை வைத்தால் காற்று ஒருபக்கமாகக் குவிந்து நுழைந்து, ஆய்வகத்தில் அளந்த அழுத்தம் கிடைக்காமல் போகும். வெளிவாயில் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டரை மடங்கு நேர் டக்ட் வேண்டும். மின்கம்பிகள் இடம் மாறி மையவிலக்கு விசிறி எதிர்த்திசையில் சுழன்றாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், ஆனால் மிகக் குறைவாக வரும். கையை வைத்துப் பார்ப்பவர் அதைச் சரியென்று நம்பிவிடுவார். ஆகவே காற்று போதவில்லை என்ற புகார் வந்தால், பெரிய விசிறி வாங்கும் முன் உறையில் வரைந்த அம்புக்குறியை ஷாஃப்ட்டின் சுழற்சியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.