‘ரெண்டு மணி நேரத்துல ஃபுல்’ ஸ்கூட்டர் சார்ஜர்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மின் ஸ்கூட்டருக்கு ‘ஃபாஸ்ட் சார்ஜர்’ என்று தனியாக ஒன்றை விற்கிறார்கள். கம்பெனி சார்ஜர் ஐந்தாறு மணி நேரம் இழுக்கும், இது இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடும் என்பது பேச்சு. மதுரையில் ஒரு உதிரிபாகக் கடையில் 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். “60 வோல்ட் வண்டிதானே சார், கண்ணை மூடிட்டுப் போடுங்க” என்றார் கடைக்காரர்.

சொன்னபடியே இரண்டு மணி நேரத்துக்குள் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் வண்டி ஓடும் தூரம் வரவரக் குறைந்தது, சார்ஜ் போட்டால் சீட்டுக்கு அடியில் அனல். தெரிந்த மெக்கானிக் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. சார்ஜர் 73 வோல்ட் தள்ளுகிறது. என் பேட்டரியின் உச்சம் 67.2.

எல்லாம் ‘60 வோல்ட்’தான், ஆனால் உள்ளே இருப்பது வேறு. என் வண்டியில் என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் கலந்த லித்தியம் ரகம்) செல்கள், வரிசையாக 16. ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரை போகலாம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் 20 செல்கள், தலா 3.65; அதுதான் 73. வேறு ரக பேட்டரிக்கான சார்ஜரை கடைக்காரர் என் தலையில் கட்டிவிட்டார்.

அந்தப் பச்சை விளக்கும் பொய். லித்தியம் பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி 20 சதவீதம் மெதுவாக ஏறுவது அதனால்தான். இந்த சார்ஜரோ கடைசிவரை 15 ஆம்பியரில் அடித்தது. ஏதாவது ஒரு செல் எல்லை தாண்டியதும் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். மின்னோட்டம் நின்றதால் விளக்கு பச்சையானதே தவிர, பேட்டரி நிறையவில்லை. அந்த பிஎம்எஸ் மட்டும் ஒருநாள் வேலை செய்யாமல் போயிருந்தால்? வண்டி நிற்பது வீட்டு வாசலில்.

வேகத்துக்கும் வரம்பு உண்டு. செல் தாங்குவதற்கு மேல் மின்னோட்டம் கொடுத்தால் லித்தியம் செல்லின் எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் மேலேயே உலோகமாகப் படியும். போன கொள்ளளவு திரும்பாது. என் வண்டிக் கையேட்டில் உச்சம் 10 ஆம்பியர் என்றுதான் இருக்கிறது.

கம்பெனி சர்வீஸில் பிஎம்எஸ் பதிவைப் பார்த்துவிட்டு, வெளி சார்ஜர் போட்டதால் வாரண்டி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கடைக்காரரோ “உங்க பேட்டரியே வீக் சார்” என்கிறார். பில்லில் ‘ஆக்சசரீஸ்’ என்ற ஒரே சொல், மாடல் எண் கிடையாது. வேண்டுமென்றே அப்படி எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வண்டிக் கம்பெனி அந்த மாடலுக்கென்று தருவதை மட்டும் வாங்குங்கள். கம்பெனி சார்ஜரின் ஸ்டிக்கரில் உள்ள வெளியீட்டு வோல்ட்டை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், தசமப் புள்ளி வரை பொருந்த வேண்டும். பில்லில் வோல்ட், ஆம்பியர், சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். நானும் பதிந்திருக்கிறேன், கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.