பீலித் தண்ணீரா, கேத்தல் சுடுதண்ணீரா?

நுவரெலியாப் பக்கம் தை மாத விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெள்ளையாக உறைந்து நிற்கும். அடுப்போரம் கொஞ்ச நேரம் வைத்தால்தான் இளகும். பாத்திரம் கழுவச் சுடுதண்ணீர் நல்லதா, பச்சைத்தண்ணீர் நல்லதா என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் பாதிப் பதில் அந்தப் போத்தலுக்குள்ளேயே இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். கொழும்பில் அது உறைவதே அபூர்வம். அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் "பச்சத்தண்ணியே போதும்மா" என்று சொல்வது அவர்கள் குசினிக்குச் சரிதான். ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். வடை பொரித்த சட்டியில் பீலித் தண்ணீரை, அதுதான் மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழும் பச்சைத்தண்ணீரை, ஊற்றிப் பாருங்கள். எண்ணெய் கழன்று போகாமல் மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும். தேய்க்கிற தேங்காய்ப் பொச்சிலும் (நாரிலும்) அதுவே ஏறிவிடும். அப்புறம் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் விரலை வைத்தால் வழுக்கும். மாட்டிறைச்சிக் கறிச்சட்டி இன்னும் மோசம், அந்தக் கொழுப்பு இளக 40 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஆகவே எண்ணெய்ப் பாத்திரம் என்றால் சுடுதண்ணீர்தான், இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

அதற்காக எல்லாவற்றிலும் கொதிதண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. ரொட்டிக்கு மாப் பிசைந்த தட்டில் ஊற்றினால் மா வெந்து பசையாகிவிடும். முட்டை அடித்த கோப்பையிலும் அப்படித்தான், ஒட்டியிருக்கும் முட்டை அங்கேயே அவிந்து பிடித்துக்கொள்ளும். இவற்றுக்குப் பச்சைத்தண்ணீர் முந்தி. அடிப்பிடித்த சோற்றுச்சட்டிக்கு ஊறவைப்பதுதான் வேலை.

சுடுதண்ணீர் கிருமியைக் கொல்லும் என்று நினைத்துக் கை பொறுக்காமல் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். கை தாங்குவது 45 பாகை வரைதான், அந்தச் சூட்டில் கிருமி சாகாது. உணவகங்களில் வெறும் சுடுதண்ணீரால் கிருமி நீக்க 77 பாகையில் அரை நிமிடமாவது அமிழ்த்தி வைப்பார்கள். வீட்டில் கிருமியை இறக்குவது சவர்க்காரமும் தேய்ப்பும் நல்ல அலசலும்தான். குழந்தையின் பால் போத்தலை மட்டும் கட்டாயம் கொதிக்க வையுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும், அது தாராளமாகப் போதும்.

செலவு என்று பார்த்தால் பச்சைத்தண்ணீர்தான் லாபம். 10 லீற்றரை 15 பாகையிலிருந்து 45க்கு ஏற்ற யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போகும். விறகு என்றால் அதைச் சுமப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. இராச்சமையல் முடிந்ததும் தணல் மேல் கேத்தலை ஏற்றி வைத்தால் தனியாக விறகு வேண்டாம். ஒரு பங்கு கொதிதண்ணீருக்கு இரண்டு பங்கு பீலித் தண்ணீர் கலந்தால் கை பொறுக்கும் சூடு வரும்.

அந்தச் சூடு சட்டிக்கு மட்டுமில்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்த விரல் நுனிகளில் தேயிலைக் கறை ஏறிய வெடிப்புகள் இருக்கும். அதில் பனிக்காலத்துப் பீலித் தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுக்கும், அளவுக்கு மீறிய சூடு பட்டால் தோல் காய்ந்து வெடிப்பு இன்னும் பிளக்கும். கழுவி முடித்ததும் கையைத் துடைத்து, அடுப்போரம் இளகிய அந்த எண்ணெயில் இரண்டு சொட்டுத் தடவிக்கொள்ளுங்கள்.