நடை மேம்பாலமா, தரைமட்டக் கடவையா?

சென்னையில் வாகனங்கள் தடையின்றிச் செல்வதற்காகச் சாலையை அகலப்படுத்தி, நடுவே தடுப்புச் சுவரையும் எழுப்பிய பிறகுதான், நடப்பவர் எப்படிக் கடப்பது என்ற கேள்வி எழுகிறது. நடை மேம்பாலமா, சாலை மட்டத்திலேயே நடந்து கடக்கும் கடவையா, எதைக் கேட்டு மனு கொடுப்பது என்று தயங்கும் குடியிருப்போர் சங்கங்களுக்காக இந்த ஒப்பீடு.

சிரமம்: மேம்பாலத்தின் அடியில் சுமார் 5.5 மீட்டர் இடைவெளி வேண்டியிருப்பதால், 35 படிகளுக்கு மேல் ஏறி, அத்தனையும் இறங்க வேண்டும். மூட்டுவலி உள்ள முதியவரும், இடுப்பில் குழந்தையும் கையில் காய்கறிப் பையுமாக வரும் தாயும் அதைத் தவிர்த்துத் தடுப்பின் இடைவெளியில் நுழைவதை அலட்சியம் என்பது அநியாயம். கடவையில் இந்த ஏற்றமே இல்லை.

பாதுகாப்பு: மேம்பாலம் அதில் ஏறியவரை மட்டுமே காக்கிறது, கீழே வண்டிகளின் வேகம் குறைவதில்லை. நடைபாதை உயரத்துக்கு மேடாக்கிய கடவை வேகத்தையே குறைக்கிறது. வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 30 ஆனால், மோதும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால், வெள்ளைக்கோடு மட்டும் போட்ட கடவையை நம்பி இறங்க முடியாது.

செலவு: மேம்பாலத்துக்குக் கோடிகள், லிஃப்ட் இருந்தால் பராமரிப்பும், கடவைக்கு அதில் சிறு பங்கு.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறக்கப்பட்ட 570 மீட்டர் ஆகாய நடைபாதையைப் போல, ரயில் நிலையத்தோடு இணையும் இடங்களுக்கும் விரைவுச் சாலைகளுக்கும் மேம்பாலமே பொருந்தும். பள்ளி, சந்தை, மருத்துவமனை வாசல்களில் மேடாக்கிய கடவையையும், முதியவர் நிதானமாக நடந்து முடிக்கும் அளவுக்குப் பச்சை விளக்கு நேரத்தையும் சேர்த்தே கேளுங்கள்.