கிளவுன்: உழவனா, மண்ணாங்கட்டியா?

கிளவுன் என்றதும் சிவப்பு மூக்கும் வெள்ளை பூசிய முகமும்தான் கண்ணில் வரும். ஆனால் 1560களில் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டியபோது வேடிக்கை காட்டுபவன் என்ற பொருளே அதற்குக் கிடையாது. பட்டிக்காட்டான், நாசூக்குத் தெரியாதவன், அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் சவக்குழி தோண்டும் இரண்டு பேர் வருவார்களே, பழைய அச்சுப் பிரதியில் அவர்கள் மேடைக்கு வரும் இடத்தில் 'இரண்டு கிளவுன்கள்' என்றுதான் இருக்கிறது. முகத்தில் சாயம் கிடையாது, கையில் மண்வெட்டி. நகரத்துக்காரன் நாட்டுப்புறத்தானைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மேடையேறி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வேடமாகவே ஆகிவிட்டது. அந்த வெள்ளை முகத்தைப் பிரபலமாக்கிய லண்டன்காரர் ஜோசப் கிரிமால்டி (1778-1837) வந்ததெல்லாம் ரொம்பப் பின்னாடி.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? இதில் இரண்டு கட்சி.

ஒன்று, லத்தீன் 'கொலோனுஸ்', அதாவது உழவன், குடியேறியவன். காலனி என்ற சொல்லும் இந்த வழியில் வந்ததுதான். பொருளை மட்டும் பார்த்தால் இந்தக் கட்சி பலமானது, ஏனென்றால் வில்லன் என்பவனே ஆதியில் பண்ணையாள்தான். முரடனைக் குறிக்கும் ஆங்கில 'பூர்' டச்சுக்காரர்களின் விவசாயி. உழவனை வசைச்சொல்லாக்குவது ஐரோப்பாவில் பழைய பழக்கம். ஒலிதான் இடிக்கிறது: கொலோனுஸிலிருந்து முதல் உயிரெழுத்து உதிர வேண்டும், அதுவும் போதாமல் 'கிளாய்ன்' என்ற பழைய எழுத்துக்கூட்டலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று வடக்குப் பக்கம். ஐஸ்லாந்தில் 'க்ளுன்னி' என்றால் தட்டுத்தடுமாறும் ஆள், டேனிஷில் 'க்ளுண்ட்' என்றால் மரக்கட்டை. மண்கட்டியைக் குறிக்கும் ஆங்கில 'கிளாட்' கூட இதே ஜாடைதான். மந்தமானவனைக் கட்டி, கட்டை என்று திட்டுவது நமக்குப் புதிதா என்ன? மண்ணாங்கட்டி, மரமண்டை என்று நாமும்தான் சொல்கிறோம். இந்தக் கட்சியின் பலவீனம், இதுதான் அப்பன் என்று ஒரு சொல்லைக் காட்ட முடியாது, பங்காளிகள் மட்டுமே உண்டு.

என் ஓட்டு வடக்குக்குத்தான். லத்தீன் படித்தவர்கள் அந்தச் சொல்லில் கொலோனுஸைக் கேட்டு, பொருளைக் கிராமத்துப் பக்கம் கொஞ்சம் இழுத்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. அகராதிகள் இன்னும் 'மூலம் உறுதியில்லை' என்றே போடுகின்றன.

நாடக மேடையின் பபூனுக்கு இந்த வழக்கே இல்லை. இத்தாலிய மொழியில் கன்னத்தை உப்பிக் காற்றை ஊதுவதிலிருந்து பிறந்தவன் அவன்.