7107 பேனல் மீட்டர் போர்டு வாங்குவோர் கவனத்திற்கு

உள்ளீட்டு வோல்ட்டேஜை அளந்து எண்ணாகக் காட்டும் ஐசிஎல்7107 ஐசியை வைத்து, எல்இடி டிஸ்ப்ளேயுடன் விற்கப்படும் ஒரு மூன்றரை இலக்க வோல்ட்மீட்டர் போர்டை வாங்கி ஏமாந்ததால் இதை எழுதுகிறேன். விளம்பரப் படத்தில் தனி ரெஃபரன்ஸ் ஐசியும் (அளவீட்டுக்கு ஒப்பீடாக நிலையான வோல்ட்டேஜைத் தருவது) பலசுற்று பிரிசெட்டும் (திருப்பிச் சரிசெய்யும் சிறிய மாறு ரெசிஸ்டர்) தெளிவாகத் தெரிந்தன. வந்து சேர்ந்த போர்டில் ரெஃபரன்ஸ் ஐசிக்கான இடம் காலியாக இருந்தது. 5 வோல்ட் லைனிலிருந்து ஒரு ரெசிஸ்டரும் சாதாரண ஒற்றைச்சுற்று பிரிசெட்டும் வழியாக 100 மில்லிவோல்ட் எடுத்து, அதையே ரெஃபரன்ஸாகக் கொடுத்திருந்தார்கள்.

இது ஏன் சிறிய குறை அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். இந்த ஐசி உள்ளீட்டை ரெஃபரன்ஸால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கிக் காட்டுகிறது. எனவே ரெஃபரன்ஸ் 2 சதவீதம் ஏறினால், உள்ளே வரும் 150.0 மில்லிவோல்ட் டிஸ்ப்ளேயில் 147.1 என்று தெரியும். வழக்கமாக, பாசிட்டிவ் சப்ளைக்கும் 32-ஆம் முனையான காமனுக்கும் (அளவீட்டுப் பகுதியின் பொதுப் புள்ளி) இடையே ஐசியே ஏறத்தாழ 2.8 வோல்ட்டை நிலைநிறுத்தி வைத்திருக்கும். இந்தப் போர்டில் காமனைக் கிரவுண்டோடு இணைத்துவிட்டதால் அந்த ஏற்பாடு செயலிழந்து, 5 வோல்ட் சப்ளையின் ஒவ்வொரு அசைவும் நேரடியாக அளவீட்டில் இறங்குகிறது. காமனைக் கிரவுண்டோடு இணைப்பது தவறல்ல. அப்படி இணைத்த பிறகு ரெஃபரன்ஸ் ஐசியை வைக்காமல் விடுவதுதான் தவறு.

இதைவிட மோசமானது கிரவுண்டு. எண்களின் வடிவை உருவாக்கும் எல்இடி துண்டுகளின் (செக்மென்ட்) மின்னோட்டம் முழுவதும் 21-ஆம் முனை வழியாகத் திரும்புகிறது. ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 8 மில்லிஆம்பியர் என்று கொண்டால், 111 தெரியும்போது 48 மில்லிஆம்பியரும், 888 தெரியும்போது 168 மில்லிஆம்பியரும் ஓடும். இந்தப் போர்டில் அந்த மின்னோட்டம் திரும்பும் மெல்லிய செம்புத் தடத்திலேயே, அளவீட்டின் நெகட்டிவ் உள்ளீடான 30-ஆம் முனையையும் இணைத்திருக்கிறார்கள். தடத்தின் மின்தடை 10 மில்லிஓம் என்றாலே போதும், இந்த இரண்டு எண்களுக்கும் இடையே 1.2 மில்லிவோல்ட் வேறுபாடு வந்துவிடும். 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் அது கடைசி இலக்கத்தில் 12 எண்ணிக்கை. அதாவது, டிஸ்ப்ளே காட்டும் எண்ணே அடுத்த அளவீட்டைக் கெடுக்கிறது. உள்ளீட்டு டெர்மினல்கள் இரண்டையும் ஷார்ட் செய்து பார்த்தபோது, பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டிய டிஸ்ப்ளே மைனஸ் குறியுடன் சில எண்களுக்கிடையே தாவிக்கொண்டே இருந்தது.

விற்றவரிடம் புகார் செய்தபோது, பிரிசெட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளுமாறு முதலில் பதில் வந்தது. பிரிசெட் ரெஃபரன்ஸை மட்டுமே மாற்றும். கிரவுண்டு தடத்தில் விழும் வோல்ட்டேஜை அதனால் தொடவே முடியாது. இதை விளக்கி எழுதிய பிறகு, உள்ளீட்டை ஐசியின் ரெஃபரன்ஸ் முனைகளோடு இணைத்து டிஸ்ப்ளேயில் 1000 வருவதைக் காட்டும் ஒரு வீடியோவை அனுப்பி, போர்டு துல்லியமாக வேலை செய்வதாகச் சாதித்தார்கள். இந்த இடத்தில்தான் பலர் நம்பி விடுவார்கள் என்று அஞ்சுகிறேன். ரெஃபரன்ஸையே உள்ளீடாகக் கொடுத்தால் ஒன்றை அதனாலேயே வகுப்பதாகத்தான் ஆகும். ரெஃபரன்ஸ் 100 மில்லிவோல்ட்டானாலும் 90 ஆனாலும் 1000-தான் வரும். ஐசி உயிரோடு இருப்பதற்கு அது சான்று, அளவீடு சரி என்பதற்குச் சான்று அல்ல. அதன் பிறகு, ஒயர்களைச் சால்டர் செய்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று கூறி உரையாடலை முடித்துக்கொண்டார்கள்.

ஆகவே, இத்தகைய போர்டு கைக்கு வந்ததும் எதையும் சால்டர் செய்யாமல் கிளிப் ஒயர்களால் சப்ளை கொடுத்து, ரெஃபரன்ஸ் முனைகளான 36, 35-ஆம் முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்து, சப்ளையை 4.8 முதல் 5.2 வோல்ட் வரை மெதுவாக மாற்றிப் பாருங்கள். சாதாரண 5 வோல்ட் ரெகுலேட்டர்களுக்கே அந்த அளவு வேறுபாடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ரெஃபரன்ஸ் கூடவே நகர்ந்தால் போர்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடுத்து, உள்ளீட்டின் கிரவுண்டு டெர்மினலுக்கும் 30-ஆம் முனைக்கும் இடையே மில்லிவோல்ட் ரேஞ்சில் அளந்து பாருங்கள். டிஸ்ப்ளே மாறும்போதெல்லாம் அந்த அளவும் மாறினால் தடம் தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், 21-ஆம் முனையிலிருந்து சப்ளையின் நெகட்டிவுக்குத் தடிமனான தனி ஒயரை இழுத்து, பழைய தடத்தை அறுத்து, 30, 32, 35-ஆம் முனைகளை உள்ளீட்டின் கிரவுண்டு டெர்மினலில் ஒரே புள்ளியில் சேர்க்கலாம். காலியான இடத்தில் 1.2 வோல்ட் ரெஃபரன்ஸ் ஐசியைப் பொருத்தி, அதிலிருந்து 100 மில்லிவோல்ட்டைப் பிரித்தெடுக்க வேண்டும். என் போர்டு இந்த இரண்டு வேலைகளுக்குப் பிறகே பூஜ்ஜியத்தில் நின்றது. விற்பனைப் பக்கத்தில் ரெஃபரன்ஸ் ஐசி உள்ள அதே பழைய படம் இன்னும் மாற்றப்படாமல் இருக்கிறது.