ஷிப்ட் வேலைக்காரனுக்கு என்பிடெல் ஒத்துவருமா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வாரா வாரம் ஷிப்ட் மாறும். எங்களுக்குப் பாடம் எப்படி என்பது அப்புறம்; நேரம் ஒத்துவருமா என்பதுதான் முதல் கேள்வி. என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தில் கரக்பூர் ஐஐடியின் 12 வார சிக்ஸ் சிக்மா (உற்பத்தியில் தவறுகளைக் குறைக்கும் முறை) பாடத்தை அந்தக் கண்ணோடுதான் எடுத்தேன்.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் இது. இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இருக்கிறது. சேரவும் பார்க்கவும் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு 1000 ரூபாய். ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் கிரீன் பெல்ட் என்ற சிக்ஸ் சிக்மா தகுதிக்குச் சொன்ன தொகை என் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அதுவும் இரவு எட்டு மணிக்கு நேரலை வகுப்பு! செகண்ட் ஷிப்டில் நிற்பவன் எங்கே போவான்?

இங்கே எனக்குப் பிடித்தது மதிப்பெண் கணக்குதான். 12 வாரமும் அசைன்மென்ட் உண்டு; ஆனால் அதிக மதிப்பெண் வாங்கிய 8 மட்டுமே கணக்கில் வரும். நைட் ஷிப்ட், ஆடிட் என்று சில வாரம் விட்டுப்போனாலும் குடி முழுகிவிடாது. வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள். அசைன்மென்ட்டுக்கு 25, மையத்துக்கு நேரில் போய்க் கணினியில் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தால் பாஸ். வீடியோக்களைக் கம்பெனி பஸ்ஸிலேயே பார்த்துவிடலாம், தூக்கம் வராமல் இருந்தால்.

குறை என்றால், மதிப்பெண்ணில் ப்ராஜெக்டுக்கு இடமே இல்லை. இந்தப் பாடம் செய்துபார்த்தால்தான் ஒட்டும். எங்கள் லைனில் துளை விட்டம் தவறு என்று ஒதுக்கிய பாகங்களை வைத்து நாங்களாகவே கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளக்கும் கருவியாலும் ஆளாலும் அளவு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் சோதனை) போட்டோம். மெஷின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஆள் அளவு மாறியதுதான் வம்பு என்று தெரிந்தது. ஒதுக்கியதில் பல நல்ல பாகங்கள்! இப்படி ஒன்றைச் செய்து காட்டச் சொல்லி 20 மதிப்பெண்ணாவது கொடுக்கலாம். ப்ராஜெக்ட் இருந்தால்தான் கிரீன் பெல்ட் என்று சொல்லும் கம்பெனிகளில் இந்தச் சான்றிதழ் மட்டும் போதாது.

தேர்வு பெரும்பாலும் சனி, ஞாயிறில் வரும். தேதியைப் பாடத்தின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். சேரும்போதே பார்த்து லீவு சொல்லிவிடுங்கள். கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா என்று எச்ஆரிடமும் கேளுங்கள். எங்கள் இடத்தில் தந்தார்கள்.